பந்துப் பார்ட்டியில் என்னை உட்காரச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள சந்திரன்,

நானும் உன் அப்பாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்பது போன வாரம் டெலிபோனில் நீ பேசிய பேச்சிலேயே தெரிந்துவிட்டது, அதனால் அதைப் பற்றி நான் விசாரிக்கப் போவதில்லை. இதையெல்லாம் டெலிபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் குரலை உயர்த்தினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். உன் அறையில் இருக்கும் பையன்கள் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

நீ கேட்டதை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். கொழும்பில் பெரிய இடத்துப் பிள்ளை ஒன்றுக்குப் பிறந்தநாள். மண்டபம் முழுக்க, நீ சின்ன வயதில் படித்த அந்தப் பந்துப் புத்தகத்தை வைத்து ஜோடனை. அட்டையில் தோட்டத்து லயத்து வீட்டு வரிசை, அட்டையில் ரப்பர் மரம். அந்த அட்டை லயத்து வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, நிஜமாகவே ரப்பர் பால் வெட்டுகிற ஒரு பொம்பிளையை உட்கார வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று, ஜோடனை வேலைக்கு உன்னை வைத்திருக்கிற உன் மேடத்துக்கு ஆசை. பிள்ளைகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். அதற்கு நான் வரவேண்டும், வாளியும் கத்தியும் கொண்டுவர வேண்டும். "வேலைக்குப் போற உடுப்பிலேயே வாம்மா. நல்ல சேலை வேணாம், தலைக்கு எண்ணெ வைக்காத. சும்மா சிரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா போதும்" என்றாய். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல் சிரித்தார். "போய் உக்காந்து கேக்கு தின்னுட்டு வாயேன் புள்ள, மழையில வேலையும் இல்லையே" என்றார். அந்த மனுஷன் எதற்குத்தான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

நான் வேலை உடுப்போடு தோட்டத்துக் கேட்டைத் தாண்டிப் போனதை நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? ருவான்வெல்லைக் கடைத்தெருவுக்கு ஒரு தேங்காய் வாங்கப் போவதென்றாலும் பீலித் தண்ணீரில் குளித்து, சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்து, வேறு சேலை கட்டிக்கொண்டுதான் போவேன். நான் மட்டுமில்லை, இந்த லயத்தில் பால் வெட்டுகிற எல்லாப் பொம்பிளைகளும் அப்படித்தான். ஏனென்று உனக்குத் தெரியும். மரத்திலேயே காய்ந்து ஒட்டுகிற ஒட்டுப்பாலின் நாற்றம் அப்படி. அது உடுப்பில் ஏறினால் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுளித்து எழுந்து போனதை நான் பட்டிருக்கிறேன், அன்று நீ என் மடியில் இருந்தாய். அதற்குப் பிறகு, வேலை என்பது வேலைக்காட்டோடு நிற்க வேண்டும், வெளியில் என்னைப் பார்க்கிறவர்கள் என்னைத்தான் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இருபது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் நடக்கிறேன். நீ என்னடாவென்றால், அந்த உடுப்போடேயே கொழும்புவரை வரச் சொல்கிறாய்.

புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் என்று மட்டும் நினைத்துவிடாதே. அந்தப் புத்தகம் நல்ல புத்தகம். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது யாரோ புண்ணியவான்கள் நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு பக்கத்தில் தமிழ், ஒரு பக்கத்தில் சிங்களம், நடுவில் படம். ஒரே புத்தகம்தான் வந்தது, அதனால் பிள்ளைகள் முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். உன் முறை வந்தபோது நீ திருப்பிக் கொடுக்காமல் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாய். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், நீ படத்தைப் பார்த்து எனக்கு முன்னால் சொல்லிவிடுவாய். சுருட்டையன் என்று ஒரு பையன். அவன் அம்மா பால் வெட்டுகிறவள். மரத்தில் வெட்டிய இடத்தில் கடைசியாகக் கசிகிற பால் அங்கேயே காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்கும் அல்லவா, அதை உரித்து உரித்துச் சுற்றி அவன் ஒரு பந்து செய்கிறான். பந்து துள்ளிப் போய், தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவில் பூச்சட்டியை உடைக்கிறது. துரை வெளியே வருகிறார். எல்லாரும் பயந்து நிற்க, அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அவனோடு பந்து விளையாடுகிறார். பிறகு அந்தப் பந்து மலை தாண்டி, ரயில் ஏறி, கடல்வரை போகிறது. துரை சப்பாத்தைக் கழற்றுகிற பக்கம் வந்தால் நாம் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். உன் அப்பா எழுந்து துரை மாதிரி நடந்து காட்டுவார்.

அந்த மாதம் லயத்தில் பந்து இல்லாத பிள்ளை இல்லை. ஒட்டுப்பாலும் தோட்டத்துச் சொத்துத்தான், பையில் போட்டு நிறுத்து ஒப்படைக்க வேண்டியதுதான். ஆனாலும் ஆளுக்கு இரண்டு நாடா பிள்ளைகளுக்கென்று நாங்கள் ஒதுக்கினோம், கங்காணியும் கண்டும் காணாமல் இருந்தார். அவர் வீட்டிலும் ஒரு பந்து துள்ளியது. உன்னுடையதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நீ தூங்குவாய், காம்பரா முழுக்க நாறும். "அதத் தூக்கி வெளிய வைடா" என்றால் "சுருட்டையன் வெளிய வைக்கலியே" என்பாய். புத்தகத்தில் ஒட்டுப்பாலுக்கு நாற்றம் கிடையாது, நான் என்ன செய்ய.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் துணி துவைக்கப் போயிருந்தேன். நீயாகவே குளித்து, எண்ணெய் வைத்துத் தலை சீவி, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பந்தோடு பங்களாவுக்குப் போய்விட்டாய். பங்களாவில் சமையல் வேலை பார்த்த கிழவர்தான் பிறகு எனக்குச் சொன்னார். துரை புல்வெளியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம். நீ வேலியைத் தாண்டிப் போய் அவர் காலடியில் பந்தை உருட்டிவிட்டு, "வெளையாட வாங்க தொர" என்றாயாம். அவர் பந்தை எடுத்து முகர்ந்து பார்த்தாராம். எந்த லயம், யார் பிள்ளை என்று கேட்டாராம். நீ சந்தோஷமாக எல்லாம் சொன்னாயாம், உன் பேர், என் பேர், நான் வெட்டுகிற மலை எது என்பதுவரை. அவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. பந்தை மட்டும் வைத்துக்கொண்டு உன்னை அனுப்பிவிட்டார். நீ வீட்டுக்கு ஓடி வந்து, "தொர நாளைக்கு வெளையாடுவாரும்மா, பந்த அவரே வச்சிக்கிட்டாரு" என்றாய்.

மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நாங்கள் வரிசையில் நிற்கும்போது, துரை உன் பந்தைக் கொண்டுவந்து ஒட்டுப்பால் நிறுக்கிற தராசில் வைத்தார். ஏழு வயதுப் பிள்ளை சுற்றிய பந்தை, மகனே, அத்தனை பேருக்கு முன்னால் நிறுத்துப் பார்த்தார். கணக்கப்பிள்ளை எடையைச் சத்தமாகச் சொன்னார். "இது யார் மரத்துப் பால்?" என்று துரை கேட்டார். நான் முன்னால் வந்தேன். களவு என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "புஸ்தகத்துல உள்ளத நம்பிப் புள்ள உங்ககிட்ட வந்திருச்சு தொர. புஸ்தகம் பொய்யின்னா அத ஸ்கூல்ல குடுக்க வேணாமுன்னு சொல்லுங்க" என்றேன். பந்துக்கு ஒரு நாள் அரைப் பேர், அதாவது அரைச் சம்பளம். என் வாய்க்கு இன்னும் சில நாள். பந்தை மற்ற ஒட்டுப்பாலோடு சாக்கில் போட்டுக் கட்டி லொறியில் ஏற்றினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் லயத்துப் பந்துகள் எல்லாவற்றையும் தோட்டத்துக் காவல்கார வாச்சர் வந்து பொறுக்கிக்கொண்டு போனார்.

நீ அழவில்லை. சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "அம்மா, நம்ம தொர அந்தப் புஸ்தகத்தப் படிக்கலியா?" என்று கேட்டாய். உன் அப்பா கூட அன்று சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. துரை மேல் மட்டுமென்று சொல்லமாட்டேன். அவ்வளவு அழகாகப் படம் போட்டவர்களும், அதை அச்சடித்துக் கொடுத்தவர்களும், அந்தப் பக்கத்தை நம்பி ஒரு பிள்ளை நிஜமாகவே பங்களாவுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா? எங்கள் பிள்ளைகளும் அதைப் படிக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சினிமாக்காரர்கள் வந்தபோது உனக்குப் பதினேழு வயது. அந்தத் துரை மாறிப் போய்விட்டார், வேறு துரை. நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்த புத்தகமாம், அதைப் படமாக எடுக்க நம் தோட்டம்தான் பொருத்தமாம். லயத்துக்குச் சாயம் அடித்தார்கள். கெமரா பார்க்கிற முன்பக்கச் சுவருக்கு மட்டும் மஞ்சள், பின்பக்கம் பழைய கரிதான். கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்கிறது, அதையும் ஒரு கை பாருங்களேன் என்று கேட்டேன், கூரை படத்தில் வராது என்றார்கள். சுருட்டையனாக நடிக்கக் கொழும்பிலிருந்து ஒரு பையன் காரில் வந்தான். பாவம், நல்ல பிள்ளைதான், எங்கள் வீட்டில் ரொட்டி தின்றான். தினமும் காலையில் அவன் முகத்துக்கும் கைக்கும் கறுப்புப் பூசுவார்கள். பூசத் தேவையில்லாத பிள்ளைகள் ஒரு லயம் நிறைய வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து செய்ய வேண்டும் என்றதும் தோட்ட நிர்வாகம் சாக்குச் சாக்காக ஒட்டுப்பால் கொடுத்தது. யாரும் தராசைத் தேடவில்லை.

பங்களாப் புல்வெளியில் துரை சப்பாத்தைக் கழற்றுகிற காட்சியை எடுத்த அன்று எல்லாரும் போயிருந்தோம். நடிகர் சப்பாத்தைக் கழற்றிப் பந்தை உதைத்தார், எல்லாரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். அப்போது நீ லைட் தூக்குகிறவர்களோடு சேர்ந்திருந்தாய். என்னிடம் ஓடி வந்து, "நல்லா வந்துச்சு இல்லம்மா?" என்றாய். நான் உன் முகத்தையே பார்த்தேன். உனக்கு ஞாபகம் இல்லையா, ஞாபகம் இருந்தும் தட்டினாயா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை. படப்பிடிப்பு முடிந்து அவர்கள் லொறியிலேயே நீ கொழும்புக்குப் போனாய். லயத்தை விட்டு ஒரு பிள்ளை வெளியே போகிறது என்றால் நான் குறுக்கே நிற்பேனா? கட்டிச் சோறு கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம் பந்து பேசுகிற பொம்மைப் படம் ஒன்று வந்தது, அதற்குப் பிறகுதான் நீ ஜோடனை செய்கிற இந்தப் பார்ட்டிகள். பந்துத் தொப்பி, பந்துத் தட்டு, பந்துக் கேக். ஒரு தீபாவளிக்கு நீ போட்டோக்கள் கொண்டுவந்து காட்டினாய். அட்டை மரத்தில் சிரட்டை கட்டி அதற்குள் பால் டொபி போட்டிருந்தீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, உண்மையாகவே சொன்னேன். சின்னப் பெண் பிள்ளைகள், நாங்கள் வேலைக்குக் கட்டுகிற மாதிரிச் சாக்கில் லேஸ் வைத்துத் தைத்து இடுப்பில் கட்டியிருந்தார்கள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் ஆசைக்கு எதையும் கட்டும். நாலு பேர் சந்தோஷப்படுகிற வேலையைச் செய்து என் மகன் சாப்பிடுகிறான், அதில் எனக்குப் பெருமைதான். நீ அங்கே சந்துன் என்று சிங்களப் பேராக மாற்றிச் சொல்லிக்கொள்வதற்குக் கூட நான் கோபித்துக்கொள்ளவில்லை. செக்பொயிண்டுக்குச் செக்பொயிண்ட் ஆமிக்காரர்கள் தமிழ்ப் பையன்களை பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்த சண்டைக் காலத்தில் எந்தப் பேர் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்குமோ அந்தப் பேர் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அட்டை மரத்துக்குப் பக்கத்தில் அம்மாவையும் ஒரு சாமானாக வைக்கலாம் என்று உனக்கு எப்படித் தோன்றியது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. படப்பிடிப்பில் ஒரு பையன் என்னிடம் வந்து, "வெட்டும்போது சிரிங்கம்மா, புத்தகத்துல அம்மா சிரிச்சிக்கிட்டேதான் இருப்பாங்க" என்றான். அவன் ஊரான், அவனுக்கு என்ன தெரியும் என்று விட்டேன். நீ என் வயிற்றில் பிறந்தவன். விடியுமுன் அட்டைப் பூச்சிக்கடியோடு மலையேறி நான் எப்படி வெட்டுகிறேன் என்று பார்த்து வளர்ந்தவன். நீயும் சிரிக்கச் சொல்கிறாய். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். யாருக்கு என்ன ஜோடனை வேண்டுமானாலும் செய்து கொடு, எத்தனை லயம் வேண்டுமானாலும் அட்டையில் வெட்டு. உயிரோடு இருக்கிற மனுஷியைக் கொண்டுபோய் அதில் ஒட்டாதே. என்னை மட்டும் சொல்லவில்லை, நான் மாட்டேன் என்றால் பக்கத்துக் காம்பரா அக்காவைக் கேட்கலாமென்று நினைப்பாய், அவரையும் கேட்காதே.

இதோடு முடித்துக் கவரில் போடத்தான் இருந்தேன். ஆனால் நேற்று மத்தியானம் உன் மேடமே டெலிபோன் எடுத்தார். நம்பரை நீதான் கொடுத்திருப்பாய். சிங்களத்தில், மரியாதையாகத்தான் பேசினார், வாய்க்கு வாய் "அம்மே, அம்மே" என்றார். நான் வருவது பெரிய உதவி என்றார். பிறகு, "சந்துன் சொன்னார், படம் எடுக்க உங்கள் தோட்டத்துக்கு வந்தபோது நீங்கள் அவருக்குப் பழக்கமாம். அவரை நன்றாகத் தெரியுமா?" என்று கேட்டார்.

படம் எடுக்க வந்தபோது பழக்கம். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா எதிரில் உட்கார்ந்து யார், யார் என்று கையால் கேட்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் பொய் அங்கேயே உடைந்துவிடும். அதை இன்னொரு பொம்பிளையிடம் சொல்லி உன்னைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. "நல்லாத் தெரியும் நோனா" என்றேன். அது பொய்யுமில்லை.

தனியாக வர முடியுமா, வாகனம் அனுப்பவா என்று கேட்டார். "வேண்டாம் நோனா, எனக்கு ஒரு மகன் இருக்கிறான், கொழும்பில்தான் வேலை. அவன் வந்து கூட்டிக்கொண்டு போனால் வருவேன். ஆனால் வேலை உடுப்போடு ஸ்டூலில் உட்காரமாட்டேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, மற்ற அம்மாமாரோடு நாற்காலியில் உட்காருவேன். பிள்ளைகள் பால் வெட்டுவதைப் பற்றிக் கேட்டால் சொல்லுவேன்" என்றேன். மகன் கொழும்பில்தானே என்று அவர் ஒருமுறை திரும்பக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அதுதான் சரி அம்மே, அப்படியே வாருங்கள். மகனையும் கட்டாயம் கூட்டி வாருங்கள், நான் வாசலிலேயே நின்று இரண்டு பேரையும் வரவேற்கிறேன்" என்றார். உன் மேடம் நல்ல மனுஷிதான். நீ அவருக்குப் பயந்திருக்கத் தேவையே இல்லை.

ஆகவே சனிக்கிழமை காலையில் நான் தயாராக இருப்பேன். நீ வந்து கூட்டிப் போ. அவிசாவளையில் பஸ் மாறும்போது உனக்குப் பிடித்த பருப்பு வடை வாங்கிக்கொள்ளலாம், வழியில் நான் எதையும் கிளறமாட்டேன். மண்டபத்து வாசலில் மேடம் நின்றுகொண்டு, "எங்கே அம்மே உங்கள் மகன்?" என்று என்னைத்தான் கேட்பார். நான் உன் பக்கத்தில் நிற்பேன், ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். அவருக்கு நீ பதில் சொல்.

உன் அம்மா